பட்டியலில் இல்லாத தொழில்

உலகில் அழிவே இல்லாத தொழில் ஒன்று உண்டென்றால், அது மேசைக் கணினியின் திரைக்குப் பெட்டியும் பொத்தானும் செய்து அடுக்கும் புரோகிராமர் தொழில்தான். இந்தப் பேருண்மையை ஜெர்மனியின் லிண்டன்ஹாகன் நகரில் முப்பது ஆண்டுகள் கட்டிக் காத்தவர் டெட்லெஃப் வீபுஷ். போன மாதம் அவருடைய கம்பெனி எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றிவிட்டு, அவரைப் பிளம் கேக் கொடுத்து ‘கௌரவமாக’ வீட்டுக்கு அனுப்பியது.

இனி அடுத்த வேலை கிடைக்க வேண்டுமானால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். கொடுத்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய், ஏழாம் கவுண்டரில் ஃப்ராவ் கோன்கே என்ற அம்மாள் முன்னால் உட்கார்ந்தார்.

“தொழில்?”

“கணினித் திரைக்குப் பெட்டி, பொத்தான் எல்லாம் செய்யறது.”

அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்த சாம்பல் நிறத் திரையின் பெட்டி, பொத்தான் எல்லாமே இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இவர் செய்ததுதான். ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. டெட்லெஃபுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பட்டியல்ல நாலாயிரத்து முந்நூறு தொழில் இருக்கு. தேனீ வளர்க்கறவர் இருக்காரு, புகைபோக்கி சுத்தம் பண்றவர் இருக்காரு. உங்களைத்தான் காணோம்.”

“நீங்களே டைப் அடிச்சிடுங்களேன்.”

“பட்டியல்ல இல்லாததை இது ஏத்துக்காது, ஹெர் வீபுஷ். பாருங்க, ‘சேமி’ பொத்தான் அழுந்தவே மாட்டேங்குது.”

“பொத்தானை நல்லா செஞ்சிருக்காங்க” என்றார் டெட்லெஃப், வாய் தவறி.

“என்னத்த நல்லா. இதைத் திருத்த ஒரு ஆள் வேணும்னு ஒன்பது வருஷமா தவிக்கிறோம். நிரந்தர வேலை. முப்பது நாள் லீவு.”

டெட்லெஃப் மேசையைப் பிடித்துக்கொண்டார். “நான் வர்றேன். இன்னிக்கே வர்றேன்.”

“எப்படி வருவீங்க? காலியிடத்தை அறிவிக்கணும்னா தொழிலைப் பட்டியல்ல தேர்ந்தெடுக்கணும். அங்கதான் இல்லையே.” அவள் பெருமூச்சு விட்டாள். “எந்தப் புண்ணியவான் போட்ட பட்டியலோ. தன் தொழிலை மட்டும் விட்டுட்டான்.”

புண்ணியவானுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. “நம்ம தொழிலையும் சேர்க்கலாமா?” என்று பட்டியல் போட்ட அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரன் கேட்டிருந்தான். “நமக்கு எதுக்குய்யா வேலை போகப்போகுது?” என்று சிரித்தவர் இவரேதான்.

“வேணும்னா ஒரு புகார் எழுதிக் கொடுங்க” என்று ஃப்ராவ் கோன்கே காகிதப் படிவம் ஒன்றை நீட்டினாள். காகிதம் எதை எழுதினாலும் ஏற்றுக்கொண்டது. டெட்லெஃப் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார்.

“உங்க பேரு மேல வரணும், ஹெர் வீபுஷ். இது யார் மேல புகாரோ, அவங்க பேரை எழுதற இடம்.”

“தெரியும்” என்றார் டெட்லெஃப்.