அணைத்தாலும் பேசிய மண்டபம்

1999, மே 16, ஞாயிறு, காலை மணி பத்து பதினெட்டு. கத்திரி வெயில், ஆழ்வார்பேட்டையில் காக்கைகூட நிழல் பார்த்து நடந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏ.சி. ஓடியும் எனக்கு மூன்று கைக்குட்டைகள் நனைந்தன. (நான்கு கொண்டுபோயிருந்தேன்.)

எனக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. பூ கட்டி வந்த வாழைநார், தீர்ந்துபோன ரீஃபில், பழைய பஸ் டிக்கெட் எல்லாம் எண்ணிக் கட்டி வைத்திருப்பேன். இந்தக் குணத்தை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். மென்பொருளிலும் புகுத்தியதுதான் வினை.

ஐம்பத்தோரு வயதில் விருப்ப ஓய்வு பெற்று, மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பிளக்-இன் எழுதினேன். கம்ப்யூட்டரில் பதிவாகும் பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் சின்ன மென்பொருள். பெயர் ‘மண்டபம்’. எத்தனை முறை எதிரொலிக்க வேண்டும் என்பதற்குத் திரையில் ஒரு குமிழ். அதை எவ்வளவு வேகமாகத் திருகினாலும் ஒலி கரகரக்காது; மாற்றம் இருபது விநாடியில் நிதானமாக நடக்கும். பைபாஸ் பொத்தானை அழுத்தினால் புது ஒலி உள்ளே போகாது, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பது வெட்டுப்படாமல் தானாக ஓயும். வேலையைச் சேமித்து மூடினால், மறுபடி திறக்கும்போது விட்ட நிலையிலேயே இருக்கும். இதற்குக் குமிழின் நிலையைச் சேமித்தாலே போதும். நான் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் கடைசி நான்கு விநாடி ஒலியையும் சேர்த்துச் சேமித்தேன். வீணாவானேன்?

மகள் வசுதாவுக்கு அடையாற்றில் வரன் திகைந்திருந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பிள்ளையின் அம்மா பாடுவார். தாம்பூலப் பையில் தேங்காயோடு தன் பாட்டுக் கேசட்டும் போக வேண்டுமென்று அவருக்கு ஆசை. “நானே பதிவு பண்ணித் தரேன் மாமி” என்று முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டேன். முந்தின ஞாயிறு பதிவு நடந்தது. பத்துப் பாட்டு. ஸ்ருதி ஒரு பக்கம் போயிற்று, மாமி ஒரு பக்கம் போனார். கடைசிப் பாட்டு முடிந்து மாமி வெந்நீர் குடிக்க வெளியே போனதும், நான் மைக்கைக் கழற்றிக்கொண்டே ஒலிப்பதிவாளர் குணாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். சாந்தோம்காரனான குணா விழுந்து விழுந்து சிரித்தான்; வேலையைச் சேமித்தான்; மூடினான்.

இப்போது பத்து பதினெட்டு. பதிவான பாட்டைக் கேட்க வந்த பிள்ளையும் அவன் பெற்றோரும் எதிர்சோபாவில். என் மனைவியும் வசுதாவும் இந்தப் பக்கம். குணா வேலையைத் திறந்தான். பாட்டை இன்னும் ஓடவிடவில்லை. ஸ்பீக்கரிலிருந்து கம்பீரமாக, ஆயிரங்கால் மண்டபத்தில் அசரீரி போல, என் குரல்:

“மாமிக்கு மண்டபம் போறாது குணா, குளம்தான் வேணும். முங்கினா கேக்காது!”

மறுபடியும் அதே. மறுபடியும்.

“நிறுத்துடா!” என்றேன்.

“பைபாஸ் அமுக்கிட்டேன் சார்! இன்னா சார் இது, அமுக்கியும் பேசிக்கினே கீது!”

“உள்ள இருக்கறது தானா ஓயும்டா!”

“எப்ப சார் ஓயும்? குமிழு ஃபுல்லுல கீது. நீதான சார் ஃபுல்லா வைன்ன, மாமி பிசிறு வெளிய தெரியாதுன்னு!”

(நன்றி, குணா.)

“குறைடா!”

“கொறைச்சுட்டேன், கொறைய மாட்டேங்குது நைனா!”

“இருபது செகண்ட் ஆகும்… கரகரக்கக் கூடாதுன்னு…”

ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். இருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாவது ‘கேக்காது’ பனியில் கரைவதுபோல் தேய்ந்து ஓய்ந்தது. துளி கரகரப்பு இல்லை. அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வசுதா என்னைப் பார்த்த பார்வையில் அது போயிற்று.

மாமி கைப்பையை மூடினார். “எதிரொலி ரொம்ப நன்னாயிருக்கு, சம்பந்தி. ஆனா எனக்கு மெஷின் மண்டபம் வேண்டாம். வியாழக்கிழமை நெஜ மண்டபத்துலயே பாடறேன். ஏற்பாடு பண்ணிடுங்கோ. நீங்க முதல் வரிசை. நடுவுல எழுந்துக்கப்படாது.”

“அப்போ வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்…?”

“கச்சேரி முடியட்டும், யோசிக்கலாம்.”

வியாழன் மாலை, தி.நகர். இரண்டு மணி நாற்பது நிமிடம். நிஜ மண்டபத்துக்குக் குமிழ் கிடையாது, பைபாஸும் கிடையாது. ஸ்ருதி போன பக்கமெல்லாம் நான் தலையாட்டினேன். மங்களம் முடிந்ததும் மாமி மைக்கிலேயே கேட்டார்: “முதல் வரிசைக்குக் கேட்டுதா?”

“கேட்டுது மாமி!” என்று அலறினேன். அலறல் அந்த மண்டபத்தில் நான்கு முறை எதிரொலித்தது. மாமி சிரித்துவிட்டார். மறுநாள் தட்டு மாற்றிக்கொண்டோம்.

இன்றைக்கும் நான் புலம்ப ஆரம்பித்தால் பேத்தி என் மூக்கை அமுக்கி “பைபாஸ்!” என்பாள். நான் நிறுத்த மாட்டேன். உடனே குடும்பமே, மாமி தலைமையில், “கேக்காது… கேக்காது… கேக்காது…” என்று தேய்ந்துகொண்டே போகும்.

மண்டப வாடகை, வயலின், மிருதங்கம், நாற்காலியை நிரப்ப அழைத்த உறவுக்காரர்களுக்கு ரவா கேசரி, பஜ்ஜி, காபி: ஆக மொத்தம் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய். நான் பேசியது நான்கு விநாடி. விநாடிக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ரூபாய், ஐம்பது காசு.