ஈ என்று நான் சொன்ன குளவி

பங்காளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நமக்கு முன்னால் அதே வீட்டில் பெண் எடுத்தவரைப் பொறுத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. என் சகலை பாஸ்கர் (மனைவியின் அக்கா வீட்டுக்காரர், கும்மிடிப்பூண்டியில் வேலை) மீது எனக்கிருந்தது பொறாமைதான். அதற்கு நாகரிகமான வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை.

பெரியபாளையம் பக்கத்தில் எங்கள் மாமியார் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம். அதன் கிளைகளில் காட்டு ஆர்க்கிட் செடிகள் ஒட்டிக்கொண்டு பூக்கும். அந்தப் பூவுக்குள் ஒரு குளவி தலையை விடுவதைச் சகலை செல்போனில் படம் எடுத்து, பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து, மகரந்தம் சுமப்பது எந்தக் குளவி என்று நேரில் பார்க்க சென்னையிலிருந்து ஒரு பேராசிரியையே ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். குளவி உறுதியானால், கண்டுபிடித்தவர் என்று ஆராய்ச்சிப் பதிவில் சகலை பெயர் வரும். மாமியார் அந்தப் படத்தைப் பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். (என் கல்யாண ஆல்பத்தை அவர் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை.) வயிறு எரிந்தது.

நான் காக்களூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். நல்ல பீஸிலும் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் பூச்சிகளைப் பற்றியே படித்தேன். குளவி வேஷம் போடும் ஈக்கள் உண்டாம். அதே மஞ்சள் பட்டை, அதே ஒட்டிய இடுப்பு. குளவிக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான். ஈக்குக் கொட்டவும் தெரியாது. சகலையின் படத்தில் இறக்கை கலங்கலாக இருந்தது. எனக்கு அது போதும்.

ஞாயிறு காலை மொத்தக் குடும்பமும் மரத்தடியில் கூடியது. பேராசிரியைக்கு நாற்காலி, சகலைக்கு இளநீர். எனக்கு நிற்க இடம் கிடைத்தது. பூச்சி வந்து தாழ்ந்த கிளையில் ஒரு பூவில் உட்கார்ந்தது.

"மேடம், இது ஈ" என்றேன்.

சகலை சிரித்தார். "இன்னா சகல, நல்லாப் பாரு. குளவிப்பா அது."

"ஈ கொட்டாது. இப்போ பாருங்க."

"ஏங்க, இன்னா பண்றீங்க? சும்மா இருங்க" என்று மனைவி பாய்ந்து வருவதற்குள், பூவோடு சேர்த்துப் பூச்சியைக் கைக்குள் மூடிவிட்டேன்.

பிறகு நான் போட்ட கூச்சலில் தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. மாமியார், "ஐயோ மாப்ள, கைய ஒதறாதீங்க, சுண்ணாம்பு எடுத்துக்கினு வரேன்!" என்று உள்ளே ஓடினார். பேராசிரியைக்கோ ஒரே சந்தோஷம்.

"ஈ கொட்டாது. ஆண் குளவியும் கொட்டாது. அப்போ இது பெண் குளவிதான், சந்தேகமே இல்லை!"

என் கை வீங்க வீங்கச் சகலையின் கண்டுபிடிப்பு ஊர்ஜிதமானது. அவர் அந்தக் கையையும் படம் எடுத்துக்கொண்டார். ஆதாரத்துக்காம்.

சுண்ணாம்பு வந்தபோது பேராசிரியை தடுத்தார். "ஒரு நிமிஷம், விரலைத் தொடாதீங்க!" என் விரல் நுனியில் மஞ்சளாக இரண்டு சின்ன உருண்டைகள். குளவியின் தலையில் ஒட்டவேண்டிய மகரந்தம் என் விரலில் ஒட்டியிருந்தது. வீணாக்கக்கூடாது என்று என் விரலைப் பிடித்து, பக்கத்துக் கிளையில் இருந்த வேறு செடியின் பூவுக்குள் நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பூ காய்த்துவிட்டது.

மாமியார் குடும்பக் குழுவில் படம் போட்டார். பச்சையாக, நீளமாக, வரிவரியாக ஒரு காய். அதன் அடியில் சகலை எழுதினார்: "அப்படியே அப்பா ஜாடை."

காய் வெடித்து, விதை காற்றோடு போய் எவ்வளவோ நாளாகிறது. இன்றைக்கும் நான் அங்கே போனால், வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னால் சகலை கேட்பார், "வா சகல, பையன் சௌக்கியமா?" உடனே என் மகள், "அப்பா, தம்பி ஏன் நம்ம ஊட்டுக்கு வர்றதே இல்ல?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தி. பதிவில் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும், அந்த மரத்தில் அவருக்கு வாரிசு கிடையாது.