இடுப்பளவு தண்ணீரில் என் மரண வாக்குமூலம்

தைரியம் இல்லாதவனுக்கு வாய் நீளம். என் வாய் எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை நீண்டது.

திருவொற்றியூரில் மீனவர் வீட்டில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. அலையைப் பார்த்தாலே பத்தடி பின்னால் போய்விடுவேன். (அதனால்தான் அப்பா என்னைப் படிக்கவைத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக்கினார்.) வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் இருக்கும், எண்ணூர்க் குப்பத்தில் பெண் பார்க்கப் போனோம். "மாப்ளைக்குக் கடல் பழக்கம் கீதா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். கதவோரம் நின்ற கண்ணம்மா என்னைப் பார்த்தாள்.

"நடுக்கடல்ல நிக்கிற கப்பல் வரைக்கும் நீந்திட்டு வருவேன்" என்றேன்.

கல்யாணமாகி நாற்பது நாளில் அவளிடம் நான் பேசியதெல்லாம் "சோறு போடு", "கம்பெனில சங்கு ஊதிட்டான், கெளம்பறேன்" அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. அவள் தம்பி ஏழுமலை கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டே, "வா மாமா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றான். குப்பமே வேடிக்கை பார்த்தது. மறுக்க முடியுமா?

போகும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பும்போது கரையருகே ஓர் அலை மரத்தைப் புரட்டிவிட்டது. வாயில் உப்புநீர், மூக்கில் உப்புநீர், காதில் சாவு மேளம். தலை ஒருமுறை மேலே வந்தது.

"கண்ணம்மா! எனக்கு நீச்சலே தெரியாது! அல்லாம் பொய்யி!"

முங்கி எழுந்தேன்.

"உன் கருவாட்டுக் கொழம்பு நல்லாவே இல்ல! ஆனா உன்ன ரொம்பப் புடிக்கும்! இன்னொருத்தன கட்டிக்கினு நல்லா இரு!"

கண்ணம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். (கவனியுங்கள், நடந்து வந்தாள்.)

"யோவ், கால ஊனி நில்லுய்யா. இடுப்பளவு தண்ணிதான் கீது."

நின்றேன். இடுப்பளவுதான். குப்பம் சிரித்த சிரிப்பு ராயபுரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நினைத்தேன்.

"நாப்பது நாளா என்னாண்ட பேசவே இல்ல. புடிக்காம கட்டிக்கினியோன்னு அழுதுகினு இருந்தேன்யா" என்றாள்.

கடலைவிட இவளுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அந்தக் கொழம்பு..." என்று இழுத்தேன்.

"எனக்கே புடிக்காது. உனக்குப் புடிக்கும்னுதான் தெனம் வெச்சேன்."

இன்றைக்கும் எனக்குத் தலைவலி வந்தால்கூட, "அப்பா வாக்குமூலம் குடுக்கப் போறாரு" என்று பிள்ளைகள் கூடிவிடுவார்கள். போன வருஷம் பித்தப்பை ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கண்ணம்மா வண்டியை நிறுத்திக் குனிந்தாள்.

"இன்னாய்யா, எதுனா சொல்லணுமா?"

சொன்னேன். நர்ஸம்மாவுக்குத்தான் வெட்கம் வந்துவிட்டது.