ஐந்து பேர், மூன்று நாற்காலி

வந்திருந்தோர்: திரு. குழந்தைவேல் (முதலாளி), திருமதி தனப்பிரியா (தீவனக் கணக்கு), திருமதி தனப்பிரியா (பில்லிங்), திரு. சுப்பையன் (டிரைவர்), திரு. சுப்பையன் (காவலர்). ஆக, ஐவர். நாற்காலிகள் மூன்று. யாரும் நிற்கவில்லை.

நிர்வாகக் கலையின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் எருமப்பட்டி சாலையிலுள்ள இந்தக் கோழித்தீவன ஆலையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். மனிதரை இரண்டாக்கும் வழி இங்கேதான் பிறந்தது. அது தன் வாயிலிருந்து பிறந்தது என்பதுதான் தனப்பிரியாவுக்கு உறுத்தல்.

போன மாதம் அவர் கணினியில் ஒரு வசதியை அணைத்தார். ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடிய கலவைக் கணக்கு நாற்பத்தொன்றில் முடிந்தது. இந்தக் குற்றத்தை முதலாளி மறுநாளே திரையில் கண்டுபிடித்தார்.

"எட்டு இருந்துச்சு. இப்ப நாலுதான் காட்டுது. மீதி நாலு எங்க சாமி?"

"கம்ப்யூட்டருக்குள்ள வேலை பாக்கற மூளை, கோருன்னு சொல்றது, எப்பவுமே நாலுதானுங்க. ஒவ்வொண்ணும் ரெண்டாட்டம் நடிச்சிட்டிருந்துச்சு."

"நடிச்சா என்ன, நல்லதுதானே?"

"ஒரு லோடுமேன் ரெண்டு லாரி பாக்கறாப்பலங்க. ஒண்ணு எடை போடப் போயிருக்கறப்ப, சும்மா நிக்காம இன்னொண்ணுல மூட்டை ஏத்தலாம். பில்லு போடற வேலைக்கு அது லாபந்தானுங்க. கலவைக் கணக்குல நிக்கற நேரமே இல்ல. ரெண்டு லாரிக்காரனும் ஒரே ஆளோட கையப் புடிச்சு இழுத்தா, மூட்டை கீழதான் உளுகும்."

முதலாளி நெடுநேரம் யோசித்தார். இந்த விளக்கத்திலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்: ஒரு ஆள், இரண்டு லாரி.

அன்று மாலையே எட்டும் உரிய மரியாதையுடன் திரைக்குத் திரும்பின. மறுநாள் தனப்பிரியா இருவரானார். சுப்பையனும் இருவரானார். சம்பளம் மட்டும் ஒற்றுமை கருதிப் பிரியாமல் இருந்தது. முதலாளி ஒருவராகவே நீடித்தார். 'தலைமைப் பொறுப்பு' பிரிக்க முடியாததாம். பதினொரு மணிவரை செய்தித்தாளையும் அதன்பிறகு மின்விசிறியையும் அவர் தனியாகவே பார்த்துவந்தார்.

போன செவ்வாய்க்கிழமை, தீவனத்தில் சேர்க்கும் கிளிஞ்சல் தூளின் அளவைக் கணக்கில் ஏற்றும்போது பில்லிங் போன் அடித்தது. ஒரு தனப்பிரியா போனை எடுத்தார். இன்னொருவர் கிளிஞ்சலை இரண்டு முறை ஏற்றினார். வாழப்பாடியில் நாலாயிரம் கோழிகள் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. எந்தத் தனப்பிரியா குற்றவாளி என்பதே இன்றைய கூட்டத்தின் பொருள்.

"போன் எடுத்தது கடமை. அதனால பில்லிங் தனப்பிரியா மேல தப்பு இல்ல," என்று முதலாளி தீர்ப்பளித்தார். "கணக்குத் தனப்பிரியாவ இன்னியோட நிறுத்தறேன். அவ வேலையவும் பில்லிங் தனப்பிரியாவே சேத்துப் பாத்துக்கோணும்."

"நியாயமுங்க," என்றார் டிரைவர் சுப்பையன். காவலர் சுப்பையன் கருத்துச் சொல்லவில்லை.

தனப்பிரியாவுக்கு வேலை வேண்டும். ஒரே ஒரு வேலை. அது இங்கே இல்லை என்று இப்போது தெளிவாகிவிட்டது. சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்துனது ஒருத்தியத்தானே. நீ எங்க போற?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சோடி செருப்புங்க."

வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பினார்.

"அன்னிக்கே ஒண்ணு சொல்லாம உட்டுட்டனுங்க. சும்மா நிக்கற நேரம் இருக்கறவங்களத்தான் ரெண்டாக்கோணும். இந்த ஆபீசுல அப்படி நீங்க ஒருத்தர்தானுங்க இருக்கீங்க."

மின்விசிறி சுற்றியது. மேசையில் பில்லிங் போன் அடித்தது. முதலாளி அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"சுப்பையா, அவ வெளிய போனதும் கதவச் சாத்திப் பூட்டு."

"எந்தச் சுப்பையனுங்க?"

"காவலர்."

காவலரின் இடம் வெளிப்பக்கம். வேலை பார்த்த நால்வரும் வெளியே வந்தார்கள். சுப்பையன் கதவைச் சாத்திப் பூட்டினார்.