மலைக்கே கேட்ட நேர்முகப் பரீட்சை

பாட்டுக் கேட்கும் விஷயத்தில் அரைகுறை விவரம் தெரிந்தவர்களை நம்பவே கூடாது. நானே அப்படி ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் புளூடூத்துக்கு மாறிய காலத்தில், நான் மட்டும் வயர் ஹெட்போனோடு திரிந்தேன். புது போன்களில் ஹெட்போன் செருகும் துளை கிடையாது. அதனால் இரத்தினபுரிக்குப் போய் ஒரு கன்வேர்ட்டர் வாங்கினேன். ஒரு முனை போனில் போகும். மறுபக்கம் இரண்டு துளைகள், ஒன்று ஹெட்போனுக்கு, மற்றது பெரிய ஸ்பீக்கர் செட்டுக்கு. புளூடூத்தில் பாட்டின் உயிரே போய்விடும் என்று லயத்து வீடுகளில் யார் அகப்பட்டாலும் விரிவுரை நடத்துவேன். (அகப்பட்டவர்கள் அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி ஓடுவார்கள்.)

ஆடித் திருவிழா வந்ததும் என் மவுசு கூடியது. கோயில் செட்டின் பழைய வயர் எந்தப் புது போனிலும் பொருந்தவில்லை. கடைசியில் என் கன்வேர்ட்டர்தான் அம்மனுக்கே பாட்டுப் போட்டது. வயர் கழன்றுவிடாமல் தோட்டத் தலைவர் கறுப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, "இதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று உத்தரவும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தது இன்டர்வியூ. கொழும்புப் போன் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் போனில் பதில் சொல்லும் வேலை. கிடைக்காவிட்டால் மாமாவின் துணிக்கடையில் சேலை மடிக்கப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு மாமாவையும் பிடிக்காது, சேலை மடிக்கவும் வராது.

வீடியோவுக்கு வேண்டிய சிக்னல் கோயில் பக்கத்தில்தான் நிற்கும். பாட்டை நிறுத்தினேன். கன்வேர்ட்டரிலிருந்து செட் வயரைக் கழற்றலாம் என்றால், தலைவரின் டேப்பில் கை வைக்கப் பயம். ஹெட்போனைச் செருகினால் செட்டுக்குப் போகும் சத்தம் தானாக நின்றுவிடாதா என்ன? எங்கள் வீட்டு ரேடியோ அப்படித்தான். கன்வேர்ட்டர் அப்படி இல்லை என்பது இந்த நிபுணருக்குத் தெரியாது.

ஆக, கொழும்பு மேடத்தின் குரல் என் காதிலும் ஒலித்தது, கோயில் கூரை ஸ்பீக்கர் வழியாக மலை முழுக்கவும் ஒலித்தது. என் பதில்கள் மட்டும் மலையில் யாருக்கும் கேட்கவில்லை.

"உங்க பக்கம் எக்கோ அடிக்குதே?" என்றார் மேடம்.

"மலைநாடு மேடம். இங்க இயற்கையாவே எதிரொலி உண்டு" என்றேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

"உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?"

"எடுத்த வேலைய முடிக்காம தூக்கம் வராதுங்க மேடம்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கோயிலுக்கு நேர் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மா, கேள்வியைக் கேட்டு நிமிர்ந்து, "தின்ன கோப்பைய கழுவ மாட்டாம்மா!" என்று கத்தியிருக்கிறார். ஹெட்போன் மாட்டிய எனக்கு அது கேட்கவில்லை. போனுக்குக் கேட்டுவிட்டது.

கடைசிச் சோதனையை மேடம் ஆங்கிலத்தில் விளக்கினார்: அவர் கோபக்கார வாடிக்கையாளராக நடிப்பார், நான் சமாளிக்க வேண்டும். மலைக்கு அது விளங்கவில்லை. அடுத்து வந்த தமிழ் நன்றாகவே விளங்கியது.

"நாலஞ்சு நாளா என் போன் வேலை செய்யல! பொறுப்பில்லாத ஆளுங்க! உங்க எல்லாரையும் வேலையில இருந்து நிப்பாட்டணும்!"

தோட்டத்தில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இந்த 'நிப்பாட்டணும்'தான். கூடைகள் இறங்கின. வேலை நின்றது. சற்று நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஊரே நிற்பதைப் போன் திரையில் பார்த்து, ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதுதான் மேடம் கூரையிலிருந்து பேசுவது தெரிந்தது.

"எம் மகள யாரு வையிறது?" என்றார் அம்மா.

"எங்கள நிப்பாட்ட இவங்க யாரு?" என்றார் தலைவர்.

கொழுந்து லொறி ஓட்டும் சுனில் அய்யாவும் விடவில்லை. "கவுத மே லமயட்ட பனின்னே?" இந்தப் பிள்ளையைத் திட்டுவது யார் என்று சிங்களத்தில் கேட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

திட்டவில்லை, இது பரீட்சை என்று சுனில் அய்யாவுக்குச் சிங்களத்திலும் அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னேன். இருவரும் அடங்கினார்கள். தலைவர் அடங்கவில்லை. "பரீட்சைன்னாலும் அந்த வார்த்தைய சொல்லலாமா? வாபஸ் வாங்கச் சொல்லு."

"அவங்க போனு நாலஞ்சு நாளா வேலை செய்யலைங்கண்ணே. அவங்க பக்கமும் பாக்கணும்ல?"

தலைவர் யோசித்தார். "நாலஞ்சு நாளாவா? அப்ப கோவம் வரத்தான் செய்யும்."

கூரையிலிருந்து மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறேங்க." கைதட்டலில் கோயிலே அதிர்ந்தது. "தங்கச்சி, எப்ப வேலைக்கு வரலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர் முந்திக்கொண்டது. "நாளைக்கே!"

அன்றைக்கு அம்மனைவிட எனக்குத்தான் மாலை அதிகம். சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன்.

போன மாதம் மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு, வேலையை விடப்போகிறேன் என்று அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அம்மா பதறவே இல்லை. "அது என்ன, நீ தனியா எடுத்த வேலையாடி? மலையில எல்லாருஞ் சேந்து எடுத்தது. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

கேட்டேன். அவர் அனுமதி தரவில்லை.