ஐந்து கணினிகளும் ஒரு 'மேலதிக' ஆசிரியையும்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு மூன்று காரணங்கள்: நெருப்பு, சக்கரம், எங்கள் களப்புக்கரைப் பாடசாலையின் டிஜிட்டல் கல்விக் குழு. அக்குழுவின் செயலாளரும் பிரதி அதிபருமாகிய நான் இதைத் தற்பெருமை துளியும் இல்லாமல் அறியத்தருகிறேன்.

சென்ற வருடம் ஐந்து கணினிகள் வந்தன. கூடவே விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் மென்பொருளும் வந்தது. நாடா வெட்டி, துஆ ஓதி, வட்டிலப்பம் சாப்பிட்டோம். ஒரே வாரத்தில் மேலிடத்துக் கடிதம்: மென்பொருள் உள்ள பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியை 'மேலதிகம்', சம்மதம் தருக. எங்களிடம் இருந்ததே நஸ்ஹா டீச்சர் ஒருவர்தான். அதிபர் அத்தாஉல்லா சேரும் நானும் கையெழுத்திட்டோம். டீச்சர் புத்தளம் டவுனுக்கு மாறிப்போனார். முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்க நாங்கள் யார்?

அடுத்து, கணினிகளின் பாதுகாப்புக்கு அவசரக் கூட்டம்.

"புள்ளைகள் தொட்டா பழுதாகும்" என்றார் அதிபர்.

"உப்புக் காத்துப் பட்டாலும் பழுதாகும் சேர்" என்றேன்.

ஏகமனதாகத் தீர்மானித்து, ஜன்னல்களை அடைத்து, ஐந்துக்கும் பொலித்தீன் சுற்றி, அறையைப் பூட்டினோம். பூட்டின் திறப்பு அதிபரின் சட்டைப் பையில். ஜும்ஆத் தொழுகைக்கும் அதோடுதான் போவார்.

எட்டு மாதம் கழித்து மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். அறை திறக்கப்பட்டது. பதினோராம் வகுப்பு ஜுமானாவை முன்னால் நிறுத்தினோம். உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள். ஆஸ்பத்திரியில் தாதியாக வர ஆசை. அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடைய வேண்டும். எட்டு மாதமாக அவளுக்கு விஞ்ஞானப் பாடமே நடக்கவில்லை.

ஐந்தில் ஒரு கணினி மட்டும் உயிர்பெற்றது. திரையில் 'இரும்பு துருப்பிடித்தல்': ஓர் ஆணி, கொஞ்சம் நீர், கொஞ்சம் உப்பு.

"துருப்பிடிக்க என்னென்ன வேணும் மகள்?" என்று அதிகாரி கேட்டார்.

"காத்தும் தண்ணியும் சேர். உப்பும் இருந்தா கெதியாப் புடிக்கும்."

"அருமை! இந்த மென்பொருள்ல படிச்சதா?"

"இல்ல சேர், இந்தப் பெட்டியப் பார்த்துச் சொன்னன்."

பக்கத்துக் கணினியின் பொலித்தீனை விலக்கித் தொட்டுக் காட்டினாள். அவள் விரலெல்லாம் செம்மண் நிறத் தூள். பொலித்தீனுக்குள் ஈரம் வியர்த்திருந்தது. அதிகாரி தன் படிவத்தில், 'அவதானிப்பு மூலம் கற்றல்: மிகச் சிறப்பு' என்று எழுதினார். சத்தியமாக எனக்குக் கண் கலங்கியது.

அவர் போனதும் ஜுமானா என்னிடம் வந்தாள்.

"சேர், ஒங்கட மகள் ஜுனைதா சனிக்கிழமையில புத்தளத்துக்குப் போய் நஸ்ஹா டீச்சர்ட்டதானே டியூஷன் படிக்கிறா? எனக்கு அவ்வளவு தூரம் போக ஏலாது. அவட கொப்பிய ஒரு நாளைக்குத் தருவீங்களா? சோதனைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

கொஞ்சம் தடுமாறிப்போனேன். ஆனாலும் குழுவின் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"கொம்பியூட்டர் வந்த காலத்துல கொப்பி என்னத்துக்கு மகள்?" என்றேன்.

அன்று பின்னேரமே ஜுனைதாவின் விஞ்ஞானக் கொப்பிக்கும் பொலித்தீன் சுற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.