டேன் வாளியில் கறுப்பைக் கழிப்பது பற்றி

மதிப்பிற்குரிய கணிதப் பேராசிரியை புஷ்ரா மேடம் அவர்களின் சமூகத்திற்கு,

ஆம்பூரிலிருந்து சுந்தரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. தங்களிடம் இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. படிக்கும் மேகலாவின் தகப்பன் நான். இங்கே அனைவரும் நலம். தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். எங்கள் நலத்தில் குறை வைத்தது தங்களுடைய லீனியர் அல்ஜீப்ரா வகுப்பு ஒன்றுதான்.

மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் வாரம் மேகலா அழுதுகொண்டே வந்தாள். "இன்னாம்மா ஆச்சு?" என்றேன். "மேடம் பாடமே எடுக்க மாட்டேங்கறாங்கப்பா. கணக்கைக் குடுத்துட்டு, நீங்களே பேசிக் கண்டுபிடிங்கன்னு கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கறாங்க. பதில் கேட்டா இன்னொரு கேள்வி கேக்கறாங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன்' சொல்லவே நடுங்கிய பிள்ளை, மேடம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போன மாதம் அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டீர்களாம். நாற்பது பேர் முன்னால் தப்பாகப் போட்டாளாம். நீங்கள் தப்பென்றுகூடச் சொல்லவில்லையாம், மற்றப் பிள்ளைகள்தான் அரை மணி நேரம் வாதாடிக் கண்டுபிடித்தார்களாம். அன்று சிரித்துக்கொண்டே வந்து, "நான் தப்பாப் போட்டதாலதாம்பா எல்லாருக்கும் புரிஞ்சுது!" என்றாள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று என் மனைவி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள்.

அதோடு விட்டதா? நான் தோல் ஃபேக்டரியில் சாயம் கலக்கிறவன். சுவரில் மாட்டிய சார்ட்டைப் பார்த்து டேன் என்கிற பழுப்பு, அதைவிட வெளுத்த தேன் கலர், கறுப்பு என்று மூன்று வாளி கலந்து வைப்பேன். சாப்பிடும்போது இதைச் சொல்லித் தொலைத்தேன். "எங்க கிளாஸ் கணக்குப்படி மூணுல ஒண்ணு ஜாஸ்திப்பா. டேன்ல கொஞ்சம் கறுப்பைக் கழிச்சா தேன் கலர் வந்துடும். அந்த வாளியே தேவையில்ல" என்றாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மேடம்! "கலந்த கறுப்பை எப்படிடி கழிப்பே? அரிசியில கல்லா, பொறுக்கி எடுக்க?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் வாடவில்லை. நான் கத்தியதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் நீங்கள் அதைப் போர்டில் எழுதி, 'சுந்தரமூர்த்தி கேள்வி' என்று தலைப்பும் போட்டீர்களாம். என் பெயரை ஃபேக்டரி கேட் ரிஜிஸ்டரைத் தவிர வேறெங்கும் யாரும் எழுதியதில்லை. கண் கலங்கியது உண்மை. ஆனால் பதில் சொன்னீர்களா? ஒன்பது நாளாகிறது. சோறு இறங்கவில்லை. கூட வேலை செய்யும் தபரேஸ், "இன்னாண்ணே, இவ்ளோ பேஜாரா இருக்கீங்க?" என்று கேட்கிறான். அவனிடம் என்ன சொல்ல?

ஆகையால் தயவுசெய்து பதிலைத் தபாலில் தெரிவிக்கவும். இல்லையேல் நோட்ஸ் கொடுக்கும் கல்லூரியில் சேர்க்க மேகலாவுக்கு டி.சி. கொடுக்கவும்.

தங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் தைரியமாய், நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சுந்தரமூர்த்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டாமலே வேலைக்குப் போய்விட்டேன். மதியம் வாளிகளின் முன்னால் நின்றபோது தோன்றியது: கறுப்பை எடுக்கத்தானே முடியாது? போடலாமே! தேன் கலரில் ஒரு குவளை எடுத்து, கறுப்பை அளந்து சேர்த்து, தோல் துண்டில் பூசிக் காயவைத்து, டேன் துண்டோடு ஜன்னலோரம் வைத்தேன். எது எதுவென்று தபரேஸுக்குத் தெரியவில்லை. ஒரு வாளி ஜாஸ்தி என்று மேகலா சொன்னது சரிதான். ஆனால் தேவையில்லாதது தேன் அல்ல, டேன். டி.சி. வேண்டாம். பதிலும் வேண்டாம். சாயங்காலம் மேகலா வந்து, "இன்னாப்பா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு? கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள். "நீ இன்னா நெனைக்கிறே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். தாங்களும் சொல்லிவிடாதீர்கள்.